காட்டுப் பறவையின் வயதை டெலோமியர் சொல்லுமா? வன்னியில் தொடங்க விரும்புவோருக்கு ஒரு விரிவான பதில்

வவுனியாவில் உயிரியல் படிக்கும் ஒருவர் கேட்டிருப்பது இது: "எங்கள் ஊரில் பிடிக்கிற பறவையிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்து டெலோமியர் நீளத்தை அளந்தால் அதற்கு எத்தனை வயது என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றால் வன்னியில் எந்தப் பறவையில் தொடங்குவது, என்னென்ன வேண்டும்?"

வயது சொல்ல முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வயது தெரியும் என்ற நம்பிக்கையோடு தொடங்கினால், காசும் காலமும் போன பிறகு வரைபில் எந்தப் பக்கமும் சாயாத ஒரு புள்ளிக்கூட்டம்தான் மிஞ்சும். ஆனால் வயதைவிடப் பெறுமதியான ஒன்றை டெலோமியர் சொல்லும்: அந்தப் பறவை வாழ்ந்த வாழ்க்கை அதன் உடலை எவ்வளவு தேய்த்திருக்கிறது என்பதை. அதுவும் ஒரே பறவையை இரண்டு தடவை பிடித்து, இரண்டு துளியையும் ஒன்றாக வைத்து அளந்தால்தான். கீழே சொல்லும் ஏற்பாடுகள் பெரும்பாலும் அந்த இரண்டாவது துளி கைக்கு வர வேண்டும் என்பதற்காகத்தான்.

டெலோமியர் என்பது நிறமூர்த்தத்தின் இரு நுனியிலும் இருக்கும் டி.என்.ஏ. பகுதி. முள்ளந்தண்டுளிகள் எல்லாவற்றிலும் அது ஒரே ஆறெழுத்துத் தொடர்: டிடிஏஜிஜிஜி. அது ஆயிரக்கணக்கான தடவை அடுத்தடுத்து வரும். புரதம் ஆக்கும் குறிப்பு எதுவும் அதில் இல்லை. பனையோலைப் பாயின் ஓரத்தை மடித்துக் கட்டினால் உள்ளே உள்ள ஓலை பிரியாது அல்லவா, நுனியில் இருந்துகொண்டு உள்ளே உள்ள பரம்பரையலகுகளைக் காப்பதுதான் இதன் வேலையும். கலம் பிரியும்போது டி.என்.ஏ.யைப் பிரதி எடுக்கும் நொதியத்தால் நுனியைக் கடைசி எழுத்து வரை பிரதி எடுக்க முடியாது. ஒவ்வொரு பிரிவிலும் சிறிது குறையும். இந்தச் சிக்கலை 1970களின் தொடக்கத்தில் ரஷ்ய அறிவியலாளர் அலெக்சி ஒலொவ்னிகோவ் எடுத்துக் காட்டினார். டெலோமியர் நிறமூர்த்தத்தைக் காக்கும் விதத்தையும், குறைந்த நுனியை நீட்டிக் கொடுக்கும் டெலோமரேஸ் நொதியத்தையும் கண்டறிந்ததற்காக எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் சொஸ்டக் மூவருக்கும் 2009இல் நோபல் பரிசு கிடைத்தது.

கலப்பிரிவால் மட்டும் டெலோமியர் குறைவதில்லை. டி.என்.ஏ.யின் எழுத்துகளான நான்கு மூலங்களில் குவானின்தான் (ஜி) ஒட்சியேற்றத்துக்கு இலகுவில் இரையாவது. டெலோமியரின் ஆறெழுத்தில் மூன்று குவானின். ஆகவே பட்டினி, தொற்று, நெருக்கடியான கூட்டில் வளர்தல் என்று எதனால் உடலில் ஒட்சியேற்றத் தகைப்பு கூடினாலும் நுனி வேகமாகத் தேயும். ஒரே நாளில் பொரித்த இரண்டு பறவைகள் இரண்டு வருடத்தில் வேறு வேறு அளவு தேய்ந்து நிற்பது இதனால்தான். வயதுமானியாகப் பார்த்தால் இது குறை. உடல்நிலையை அறிய விரும்புகிறவருக்கு இதுவே பலம்.

பறவைகளில் இந்த வேலை செய்வதற்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. பறவையின் செங்குருதிக் கலத்துக்குள் கரு உண்டு; பாலூட்டிகளின் முதிர்ந்த செங்குருதிக் கலத்தில் இல்லை. மனிதரில் இரத்தத்திலிருந்து டெலோமியர் அளப்பதென்றால் வெண்குருதிக் கலங்களை நம்ப வேண்டும். ஒரு காய்ச்சல் வந்தாலே அவற்றின் வகை விகிதம் மாறி அளவையும் குழப்பும். பறவையில் 5 முதல் 10 மைக்ரோலீற்றர் இரத்தமே போதிய டி.என்.ஏ. தரும், அதுவும் கிட்டத்தட்ட முழுவதும் ஒரே வகைக் கலத்திலிருந்து. பறவையைக் கொல்லாமல், மீண்டும் மீண்டும் அதே பறவையில் அளக்கலாம்.

சரி, வயதை ஏன் சொல்லாது? முட்டையிலிருந்து வெளிவரும்போதே பறவைக்குப் பறவை டெலோமியர் நீளம் பெரிதும் வேறுபடும். ஒரே கூட்டில் பொரித்த இரண்டு குஞ்சுகளுக்கிடையிலான வித்தியாசம், அவற்றில் ஒன்று பல ஆண்டுகளில் இழக்கும் நீளத்தைவிடக் கூடுதலாக இருக்கலாம். தொடக்க நீளம் தெரியாமல் இன்றைய நீளத்தை மட்டும் வைத்து எவ்வளவு குறைந்தது என்று கணக்குப் பார்க்க வழியில்லை.

அடுத்தது, இழப்பு ஆண்டுக்கு ஆண்டு ஒரே அளவில் நடப்பதும் இல்லை. ஐரோப்பிய நீர்க்காக வகை ஒன்றிலும் அலையும் அல்பட்ரோஸிலும் 2004இல் வெளியான ஆய்வு, குஞ்சுப் பருவத்துக்கும் முதிர்ந்த பருவத்துக்கும் இடையில்தான் பெரும் இழப்பு என்று காட்டியது. முதிர்ந்த பறவைகளுக்குள் வயதோடு சேர்ந்து மாற்றம் தெரியவில்லை. இன்னும் வியப்பானது லீச் புயல்பறவை என்ற சிறு கடற்பறவை. 30 வருடத்துக்கு மேல் வாழும் இதில் வயது கூடக் கூட டெலோமியர் நீண்டிருந்ததாக 2003இல் எழுதினார்கள். இதற்கெல்லாம் மேலாக, குட்டை டெலோமியர் உள்ளவை முந்திச் செத்துவிட்டால் கிழப் பறவைக் கூட்டத்தில் மிஞ்சுவது நீண்டவைதான். ஒரே நாளில் எல்லா வயதுப் பறவையையும் பிடித்து அளந்து ஒரு கோடு கீறினால் அந்தக் கோடு தேய்வைக் காட்டுகிறதா, எவை பிழைத்தன என்ற தெரிவைக் காட்டுகிறதா என்று பிரிக்கவே முடியாது.

இப்போது அது சொல்வதைப் பார்ப்போம். கூண்டில் வளர்த்த 99 சீப்ரா ஃபிஞ்ச் குருவிகளைப் பிறப்பிலிருந்து சாவு வரை தொடர்ந்து அளந்த கிளாஸ்கோ ஆய்வு 2012இல் வந்தது. அவற்றில் குறுகிய ஆயுள் 210 நாள், நீண்டது ஏறக்குறைய 9 வருடம். ஆயுளை மிக நன்றாக முன்கூட்டிச் சொன்ன அளவு, 25ஆம் நாளில் எடுத்த முதல் அளவு. காட்டுப் பறவைகளில் நான் மிகவும் மதிப்பது சீஷெல்ஸ் நாட்டின் கசின் தீவில் நடந்த வேலை. 30 ஹெக்டயருக்கும் குறைந்த அந்தத் தீவில் 300 சொச்சம் கதிர்க்குருவிகள்தான். அவை தீவை விட்டுப் போவதே அரிது. ஆகவே ஒன்றைக் காணவில்லை என்றால் செத்துவிட்டது என்று துணிந்து எழுதலாம். குட்டை டெலோமியரும் வேகமான தேய்வும் உள்ள பறவைக்கு, வயதைக் கழித்துப் பார்த்தாலும், சாகும் ஆபத்துக் கூடுதல் என்று 2013இல் காட்டியது அந்த ஆய்வு.

நெதர்லாந்தில் ஜாக்டோ என்ற சிறு காக்கை இனத்தில் கூட்டுக்குள் குஞ்சுகளைக் கூட்டியும் குறைத்தும் வைத்துப் பார்த்தார்கள். நெருக்கமான கூட்டில் வளர்ந்தவற்றில் டெலோமியர் கூடுதலாகக் குறைந்தது. பிழைக்குமா என்பதைச் சொன்னது நீளம் அல்ல, அந்த நீளம் எவ்வளவு குறைந்தது என்பதுதான் (2014). ஒருதரம் அளந்துவிட்டுப் போகிறவருக்கு இந்தத் தகவல் கைக்கே வராது.

வன்னிக்காரருக்கு நெருக்கமாகப் படக்கூடியது சுவீடனின் நாணல் கதிர்க்குருவி ஆய்வு. பறவைகளுக்கும் மலேரியா உண்டு. ஒட்டுண்ணி வேறு இனம், மனிதருக்குத் தொற்றாது. வெளிப்பார்வைக்கு நோயே இல்லாமல், இரத்தத்தில் மிகக் குறைந்த அளவில் ஒட்டுண்ணியைத் தாங்கித் திரியும் குருவிகளில் டெலோமியர் வேகமாகத் தேய்ந்தது, ஆயுள் குறைந்தது, குஞ்சுகளும் குறைந்தன (2015). குளமும் வாய்க்காலும் நுளம்பும் நிறைந்த நிலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடக்கூடாது. அதே துளியிலிருந்து ஒரு கண்ணாடித் தட்டில் மெல்லிய பூச்சு இழுத்து, காற்றில் உலர்த்தி, மெதனோலில் ஒரு நிமிடம் பதித்து, பிறகு ஜிம்சாச் சாயம் ஊட்டிவிட்டால் ஒட்டுண்ணித் தரவு கிட்டத்தட்டச் செலவில்லாமல் வந்துவிடும்.

எந்தப் பறவை? கட்டுக்கரைக் குளத்தில் வந்திறங்கும் ஊசிவால் வாத்துகளும் வங்காலையிலும் சுண்டிக்குளத்திலும் நிற்கும் பூநாரைகளும் கண்ணை இழுக்கும். இந்த வேலைக்கு அவை ஆகாது. ஒன்றைப் பிடிப்பதே பெரும்பாடு. அடுத்த வருடம் அதே பறவையை மறுபடி பிடிப்பது நடக்கிற காரியம் இல்லை. வலசைப் பறவை வராவிட்டால் செத்ததா, வேறு நாட்டில் தங்கியதா என்றும் தெரியாது.

என் தெரிவு அடைக்கலங்குருவி, அதாவது சிட்டுக்குருவி. மண்முட்டி (சிறு பானை) கட்டினால் அதற்குள் கூடு வைக்கும். குஞ்சு பொரித்த நாளை நேரில் பார்த்து எழுதலாம். பிறந்த இடத்தை விட்டு அதிக தூரம் போகாத பறவை. நோர்வேயின் தீவுகளில் இதே இனத்தில் டெலோமியர் வேலை பல வருடமாக நடக்கிறது, ஆகவே ஒப்பிட ஆள் இருக்கிறது. உதாரணத்துக்கு, லேக்கா தீவில் பெரிய உடலுள்ள குருவிகளைத் தெரிந்து பெருக்கியபோது டெலோமியர் குறைந்ததாக 2015இல் எழுதினார்கள். இன்னொரு காரணமும் உண்டு. அடைக்கலங்குருவியில் இளசும் முதிர்ந்ததும் முழு இறகையும் மாற்றும். அந்த முதல் இறகுதிர்ப்பு முடிந்த பிறகு இறகைப் பார்த்து வயது சொல்ல முடியாது. கூட்டிலேயே காலில் இலக்க வளையம் போட்டால் மட்டுமே வயது நிச்சயம்.

இரண்டாவது தெரிவு புலுனி, அதாவது தவிட்டுக்குருவி. வருடம் முழுக்கக் கூட்டமாக ஒரே வளவைச் சுற்றித் திரியும் என்பதால் மறுபடி காண்பது இலகு. ஆனால் கூட்டைத் தேடுவது கடினம், வலையில் ஒன்று பட்டால் மற்றவை கூக்குரல் போட்டு ஊரைக் கூட்டும். பழகிய கைக்கு விட்டுவிடுவது நல்லது.

எதைத் தொடுவதற்கும் முன் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்து அனுமதி வேண்டும். பிடிக்க, வளையம் போட, இரத்தம் எடுக்க, மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்ப என்று நான்கையும் விண்ணப்பத்தில் தனித்தனியே எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டால், உள்ளூரில் இயந்திரம் கிடைக்காதபோது மாதிரி குளிரூட்டியிலேயே கிடக்கும். பல்கலைக்கழகத்தின் ஒழுக்கநெறிக் குழு அனுமதி வேறு. வளையம் போடுவதைப் பயிற்சி பெற்ற ஒருவரின் கையருகில் நின்று பழகாமல் தனியாகச் செய்யக்கூடாது.

முட்டிகளைத் தாழ்வாரத்தில், ஆளுக்கு எட்டாத உயரத்தில், வாய் பக்கவாட்டில் வரக் கட்டுங்கள். வாயை மரத்தட்டால் அடைத்து 32 முதல் 35 மில்லிமீற்றர் துளை விட்டால் மைனா நுழையாது. தட்டைக் கழற்றிப் பூட்டக்கூடியதாக வைத்தால்தான் குஞ்சை எடுக்கலாம். நேர்வெயில் படும் மேற்குச் சுவர் வேண்டாம். தகரக் கூரைக்கு மிக அருகிலும் வேண்டாம். பங்குனி, சித்திரை வெயிலில் குஞ்சுகள் உள்ளேயே வெந்துவிடும். நெல்லாலை, பலசரக்குக் கடை, பஸ் நிலையம் உள்ள இடத்தில் குருவி ஏற்கெனவே இருக்கும். அங்கே தொடங்கி, பிறகு வயலோர வீடுகளுக்குப் போகலாம். நகரக் குஞ்சுக்கும் கிராமக் குஞ்சுக்கும் இடையிலான வித்தியாசமே நல்ல ஆய்வுக் கேள்வி: சுவீடனின் மால்மோவில் குஞ்சுகளை நகரக் கூட்டுக்கும் கிராமக் கூட்டுக்கும் மாற்றி வைத்து வளர்த்தபோது நகரத்தில் வளர்ந்த பட்டாணிக் குருவிக் குஞ்சுகளின் டெலோமியர் குட்டையாக இருந்தது (2016). காலபோகத்தில் மருந்தடிக்கும் வயலுக்குப் பக்கத்து முட்டியையும் அடிக்காத இடத்து முட்டியையும் அப்படியே ஒப்பிடலாம். குருவி தன் குஞ்சுக்குப் பெரும்பாலும் ஊட்டுவது பூச்சி. பூச்சி குறைந்தால் அது குஞ்சில்தான் முதலில் தெரியும்.

முதல் துளிக்கு ஏற்ற நாள் பொரித்து 9 அல்லது 10ஆம் நாள். எல்லாக் குஞ்சுக்கும் அதே நாள். தேய்வு வேகமாக நடக்கும் பருவம் என்பதால் ஒன்றை 7இலும் மற்றதை 11இலும் எடுத்தால் அந்த வித்தியாசமே அளவுக்குள் கலந்துவிடும். 12ஆம் நாளுக்குப் பிறகு முட்டியைத் திறந்தால் குஞ்சுகள் நேரத்துக்கு முந்திக் குதித்துவிடும், பிறகு காகத்துக்கும் பூனைக்கும்தான் இரை. காலை 6 முதல் 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். ஒரு கூட்டுக் குஞ்சுகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுக்காமல் ஒன்றிரண்டை உள்ளே விட்டால் தாய் வந்து வெறுங்கூட்டைப் பார்க்காது. பத்து நிமிடத்தில் எல்லாம் திரும்பிக் கூட்டுக்குள் இருக்க வேண்டும்.

இரத்தம் எடுப்பது இறக்கையின் அடிப்பக்கத்தில், முழங்கை மூட்டுக்குக் குறுக்காக ஓடும் நாளத்தில். குஞ்சில் இறகு குறைவு என்பதால் நீலமாக நன்றாகத் தெரியும். மதுசாரப் பஞ்சால் ஒற்றி, 27 கேஜ் ஊசியால் நாளத்தைச் சற்றே சாய்வாகத் தொட்டுக் குத்தினால் போதும். உறிஞ்சியிழுத்தால் நாளம் ஒடுங்கி இரத்தம் தோலுக்குள் கசிந்து வீங்கும். மேலெழும் துளியை நுண்குழாயின் வாயால் தொட்டால் தானாக ஏறும். உடல் நிறையில் 1 சதவீதத்துக்கு மேல் எடுக்கக்கூடாது. 20 கிராம் குஞ்சில் அந்த எல்லை 200 மைக்ரோலீற்றர். பூச்சுக்கும் மிச்சம் வைப்பதற்கும் சேர்த்தே உங்களுக்குத் தேவை 30 முதல் 40தான். ஆகவே எல்லையை நெருங்கவே தேவையில்லை. பிறகு உலர்ந்த பஞ்சை ஒரு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். கசிவு நின்றதைக் கண்ணால் பார்க்காமல் கூட்டில் விடக்கூடாது. இரத்த வாடை எறும்பை அழைக்கும்.

நுண்குழாய் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வைத்தியசாலைகளில் வழக்கமாகக் கிடைப்பது இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் பூசியது. டி.என்.ஏ.யைப் பெருக்கும் பிசிஆர் வினையை ஹெப்பரின் தடுக்கும். எதுவும் பூசாதது அல்லது ஈடிடிஏ பூசியது எடுங்கள்.

துளியை 1 மில்லிலீற்றர் தூய எதனோலுக்குள் ஊதிவிட்டு உடனே குலுக்க வேண்டும். குலுக்காவிட்டால் ஒரே கட்டியாகி நடுவில் எதனோல் போகாது, நடுப்பகுதி அழுகும். கடையில் விற்கும் மெதிலேற்றிய மதுசாரத்தை இதற்கு நம்ப வேண்டாம். குழாய் றப்பர் வளையமுள்ள திருகுமூடியாக இருக்கட்டும். வன்னி வெயிலில் சாதாரண அமுக்குமூடியால் எதனோல் ஆவியாகிவிடும். பெயரைப் பென்சிலால் சிறு தடித்தாளில் எழுதிக் குழாய்க்குள்ளே போடுங்கள். பேனா மையை எதனோல் கரைக்கும், பெயர் அழிந்த மாதிரிக்கு மதிப்பே இல்லை. எதனோலில் உள்ள இரத்தம் மின்வெட்டைத் தாங்கும் என்பதுதான் வன்னிக்கு இந்த முறையைச் சொல்வதற்குக் காரணம். ஆழ்குளிரில் வைக்கும் முறை சிறந்தது என்பார்கள். மின்சாரம் போய்ப் போய் வந்து மாதிரி உருகி உறைந்தால் அதுவே டி.என்.ஏ.யை உடைக்கும். வெயிலில் இருந்து எடுத்து, கிடைத்த அன்றே சாதாரண குளிரூட்டியில் வைத்தால் போதும். தொடங்கிய முறையை நடுவில் மாற்றாதீர்கள். சேமிப்பு முறையும் பிரித்தெடுக்கும் முறையும் மாறினால் ஒரே பறவையின் இரத்தமே வேறு அளவு காட்டும்.

டி.என்.ஏ. பிரித்தெடுக்கும்போது புதியவர்கள் வழுக்கும் இடம் இரத்தத்தின் அளவு. மனித இரத்தத்துக்கு எழுதிய செய்முறையில் 200 மைக்ரோலீற்றர் என்றிருக்கும். பறவை இரத்தத்தில் அந்த அளவு போட்டால் டி.என்.ஏ. பசைபோலத் திரண்டு, டி.என்.ஏ.யைப் பிரித்தெடுக்கும் வடிகுழலை அடைத்துவிடும். குண்டூசித் தலையளவு இரத்தத் துணுக்கை எடுத்து, எதனோல் போக வடிதாளில் உலர்த்தி, புரதச்சிதைப்பு நொதியமான புரோட்டினேஸ் கே சேர்த்து 56 பாகையில் முழுதாகக் கரையும் வரை வைத்தால் போதும். வடிகுழல் வாங்கக் காசில்லை என்றால் அமோனியம் அசற்றேற்று உப்பு முறை நல்ல டி.என்.ஏ. தரும். 260 நனோமீற்றர் ஒளியுறிஞ்சலுக்கும் 280 நனோமீற்றர் ஒளியுறிஞ்சலுக்கும் உள்ள விகிதம் 1.8 முதல் 2.0க்குள் இருக்க வேண்டும். அது மட்டும் போதாது, 0.8 சதவீத அகரோஸ் ஜெல்லில் ஒவ்வொரு மாதிரியையும் ஓட்டிப் பாருங்கள். மேலே ஒரே கட்டுப்பட்டை நின்றால் நல்லது. கீழே வரை புகைபோல இழுபட்டால் டி.என்.ஏ. உடைந்துவிட்டது, அந்த மாதிரியை மனமிரங்காமல் விலக்க வேண்டும். உடைந்த டி.என்.ஏ.யும் ஒரு எண்ணைத் தரும், பார்ப்பதற்குச் சரிபோலவும் இருக்கும். அதுதான் ஆபத்து.

அளப்பதற்கு எட்டக்கூடிய முறை கியூபிசிஆர், அதாவது டி.என்.ஏ. பெருகுவதைச் சுழற்சிக்குச் சுழற்சி அளக்கும் பிசிஆர். ரிச்சர்ட் காதன் 2002இல் மனிதருக்கு வகுத்த இம்முறையை 2009இல் சீப்ரா ஃபிஞ்சில் பயன்படுத்திக் காட்டினார்கள். டெலோமியர்ப் பகுதி எவ்வளவு பெருகுகிறது, ஒற்றைப் பிரதியாக உள்ள ஜிஏபிடிஎச் பரம்பரையலகு எவ்வளவு பெருகுகிறது என்று பார்த்து இரண்டின் விகிதத்தை எடுப்பது. இதை டி/எஸ் விகிதம் என்பார்கள். இது நீளம் அல்ல, ஒப்பீட்டு எண். வேறு ஆய்வுகூடத்தின் டி/எஸ் எண்ணோடு உங்களுடையதை நேரே ஒப்பிட முடியாது.

ஒரு வினைக்கு 20 நனோகிராம் டி.என்.ஏ. போதும். எல்லா மாதிரியையும் ஒரே செறிவுக்கு ஐதாக்கி, சிறு பங்குகளாகப் பிரித்து உறையவைத்து, ஒரு பங்கை ஒரு தடவை மட்டும் உருக்கிப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு மாதிரியும் மூன்று குழியில். ஒவ்வொரு 96 குழித் தட்டிலும் பல பறவைகளின் டி.என்.ஏ. கலந்த ஒரே பொது மாதிரி, டி.என்.ஏ. இல்லாத குழி, 40 நனோகிராமில் தொடங்கி நாலிலொன்றாக 0.16 வரை இறங்கும் ஐந்து ஐதாக்கங்கள். டி.என்.ஏ. அளவின் மடக்கைக்கு எதிரே சுழற்சி எண்ணைக் கீறினால் இந்த ஐந்தும் தரும் கோட்டின் சாய்வு மறை 3.32 என்றால் வினைத்திறன் 100 சதவீதம். மறை 3.1க்கும் மறை 3.6க்கும் இடையில் நின்றால் 110 முதல் 90. அதற்கு வெளியே போன தட்டைத் திரும்பச் செய்ய வேண்டும்.

இங்கே ஒரு சிறு கணக்கைக் கவனமாகப் பாருங்கள். ஒவ்வொரு சுழற்சியிலும் டி.என்.ஏ. இரட்டிப்பாகிறது. ஆகவே சுழற்சி எண்ணில் 0.1 பிழைத்தாலே விகிதம் 7 சதவீதம் மாறும். முதிர்ந்த குருவி ஒரு வருடத்தில் இழப்பது அதற்கும் குறைவாக இருக்கலாம். குழாயியை (பிபெட்டை) கொஞ்சம் அவசரமாக அழுத்தினால் ஒரு பறவையின் ஒரு வருட வாழ்க்கை அந்தப் பிழைக்குள் மறைந்துவிடும். அதனால்தான் மாதிரிகளில் ஒரு பகுதியை வேறொரு நாளில், வேறொரு தட்டில் திரும்ப அளந்து, முதல் அளவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்ட வேண்டும். அந்த மீள்பொருத்தம் 0.8க்குக் கீழே என்றால் பறவைக்குப் போகாதீர்கள், குழாயிக்குத் திரும்புங்கள்.

ஒரே பறவையின் குஞ்சுத் துளியும் முதிர்ந்த துளியும் ஒரே நாளில் பிரித்தெடுக்கப்பட்டு ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். முதல் வருட மாதிரியை முதல் வருடமே அளந்து, இரண்டாம் வருடத்ததை இரண்டாம் வருடம் அளந்தால் நீங்கள் காண்பது இரசாயனப் பொதியின் வித்தியாசமாக இருக்கலாம். அப்படிக் காத்திருந்தால் முதல் துளி எதனோலில் கூடுதல் காலம் கிடக்குமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சில மாதிரிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை உடனே பிரித்தெடுத்து அந்த டி.என்.ஏ.யை உறையவைத்து, மறுபாதியைக் கடைசியில் மற்றவற்றோடு பிரித்தெடுத்து, இரண்டையும் ஒரே தட்டில் அளந்தால் கிடந்த காலத்தின் விளைவு தனியே தெரிந்துவிடும்.

பறவைகளுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. அதே ஆறெழுத்துத் தொடர் நிறமூர்த்தத்தின் நடுவிலும் ஆங்காங்கே இருக்கும். கியூபிசிஆர் அதையும் சேர்த்து எண்ணிவிடும். கோழியில் 78 நிறமூர்த்தங்கள், ஆக 156 நுனிகள். அவற்றில் சில பத்து இலட்சம் எழுத்தையும் தாண்டும் மிக நீண்ட டெலோமியர் கொண்டவை. நடுப்பகுதித் தொடர் ஒரு பறவைக்குள் மாறாது என்பதால், அதே பறவையின் இரண்டு துளிகளைக் கழித்துப் பார்க்கும்போது அது போய்விடும். இரண்டு வெவ்வேறு பறவைகளை ஒப்பிட்டால் போகாது. வெட்டுநொதியத்தால் டி.என்.ஏ.யை வெட்டி, டி.என்.ஏ. இழைகளைப் பிரிக்காமல் ஜெல்லிலேயே குறியிட்டு அளக்கும் பழைய முறை நுனியை மட்டும் காட்டும், உண்மையான நீளத்தையும் தரும். ஆனால் அதற்குக் கூடுதல் டி.என்.ஏ., துடிப்புமின்புல ஜெல், பல நேரம் கதிரியக்கக் குறி எல்லாம் வேண்டும். கூட்டு முயற்சியில் வெளியே அனுப்பிச் செய்விக்கலாம், வன்னியில் இருந்துகொண்டு தொடங்குவதற்கு அது ஏற்றதல்ல.

மீளப்பிடிப்பதற்கு ஒவ்வொரு குஞ்சுக்கும் இலக்க வளையத்தோடு ஒரு நிறவளையச் சேர்க்கை போடுங்கள். பிறகு பிடிக்காமலே தூரக்கண்ணாடியால் பார்த்து உயிரோடு இருப்பதை எழுதலாம். கடைக்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் உதவுவார்கள். இரண்டாம் துளிக்கு மட்டும் 16 மில்லிமீற்றர் கண்ணுள்ள மிஸ்ட் வலை, அதாவது பறவை பிடிக்கும் மெல்லிய வலை. வெயில் ஏறுமுன் வலையைச் சுருட்டிவிட வேண்டும், விரித்த நேரமெல்லாம் 15 நிமிடத்துக்கொருதரம் பார்க்க வேண்டும். குஞ்சுகளில் பெரும்பகுதி முதல் வருடத்தைத் தாண்டாது என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுங்கள். நாலில் ஒன்று மறுபடி கிடைக்கும் என்று வைத்தால்கூட 40 இரட்டை மாதிரிக்கு 160 குஞ்சு வேண்டும். உங்கள் ஊர் கசின் தீவு அல்ல. காணாமல் போனது செத்ததா, அடுத்த ஊருக்குப் போனதா என்ற ஐயம் எப்போதும் இருக்கும். அதனால் உயிர்பிழைப்பைக் கணக்கிடும்போது காணும் வாய்ப்பையும் சேர்த்து மதிப்பிடும் குறியிட்டு மீளப்பிடிக்கும் மாதிரியுருவைப் பயன்படுத்துங்கள். சுற்றியுள்ள இரண்டு மூன்று ஊர்களிலும் நிறவளையத்தைத் தேடுங்கள்.

கணக்கில் இன்னொரு பொறி. முதல் அளவு தற்செயலாகக் கூடிப்போன பறவையில் இரண்டாம் அளவு இயல்பாகவே குறைந்து தெரியும், குறைந்துபோனதில் கூடித் தெரியும். "நீண்ட டெலோமியர் வேகமாகத் தேய்கிறது" என்று பலர் எழுதியதில் ஒரு பகுதி இந்த அளவைப் பிழைதான். திருத்தும் சமன்பாடு இருக்கிறது, திருத்தாமல் வெளியிடாதீர்கள். வயதின் விளைவைப் பார்க்கும்போது ஒரு பறவையின் சராசரி வயதையும், அந்தச் சராசரியிலிருந்து ஒவ்வொரு துளியும் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதையும் இரண்டு வேறு மாறிகளாகக் கொடுங்கள். பின்னது உண்மையான தேய்வு. இரண்டும் வேறு வேறு சாய்வு தந்தால், பறவைகள் மறைந்துபோவதில் ஒரு தெரிவு நடக்கிறது என்று பொருள்.

உண்மையிலேயே வயதுதான் வேண்டும் என்றால் மலிவான கருவி கூட்டிலேயே போட்ட வளையம். வளையமில்லாத பறவைக்கு வயது மதிப்பிட இப்போது நம்பிக்கை தருவது டி.என்.ஏ.யில் மெதயில் ஒட்டும் இடங்களைப் படிக்கும் முறை. அவுஸ்திரேலியாவின் குறுவால் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவையில் 2019இல் அப்படிச் செய்து காட்டினார்கள். ஆனால் அதைப் புதிய இனத்துக்கு அளவுதிருத்த வயது நிச்சயமாகத் தெரிந்த பறவைகளின் இரத்தம் வேண்டும். முட்டியில் பொரித்து, நாள் எழுதி, வளையம் போட்ட உங்கள் குருவிகள்தான் அந்த மாதிரி. ஆகவே டெலோமியருக்கு எடுத்தது போக மிஞ்சும் எதனோல் குழாய்களைக் கொட்டிவிடாமல், வருடத்துக்கொருதரம் எதனோல் மட்டத்தைப் பார்த்து நிரப்பி, பொரித்த நாள், எடுத்த நாள், வளைய இலக்கம் மூன்றும் உள்ள பதிவேட்டின் ஒரு பிரதியை அதே பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.